வீட்டுக்காரிக்கு எந்தத் துப்பாக்கி?

போன இதழில், நான் ராணுவத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்த காலத்தைப் பற்றி போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் பலன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி துப்பாக்கியைப் பற்றித்தான். ரப்பர் விலையும் முட்டி வலியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான அம்மா, இவ்வளவு பேர்தான் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் புகைப்புரையிலிருந்து (ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகை) ஷீட் களவு போனது. மனைவிக்கு, பெண்கள் கைக்கு அடக்கமாக, எடை குறைந்த கைத்துப்பாக்கி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. எது நல்லது? லைசென்ஸை என் பேரில் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஆயுதச் சட்டம் (1959) உரிமம் கொடுப்பது ஆளுக்கு, வீட்டுக்கு இல்லை. உங்கள் பேரில் இருக்கிற துப்பாக்கி, நீங்கள் மஸ்கட்டில் இருக்கும்போது உங்கள் மனைவி கையில் இருந்தால் அது உரிமம் இல்லாத துப்பாக்கிதான். களவாணியிடமிருந்து காப்பாற்றப் போய் அவர்களையே குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள். ஊரில் இல்லாத நாட்களில் அதைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்காகவா வாங்குகிறீர்கள்?

ஆக, உரிமம் மனைவி பேரில்தான் வேண்டும். அவர்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், அவர்களே விண்ணப்பிக்க வேண்டும், ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் அவர்களுக்கு வேண்டும், போலீஸ் விசாரணைக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் நாகர்கோவிலில் கலெக்டர் முடிவு செய்வார். பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் காகிதம் நகராது, எதனால் பயம் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். ஷீட் களவு போனதற்குப் புகார் கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுக்கவில்லை என்றால் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

இனி எந்தத் துப்பாக்கி என்ற விஷயம். நம் நாட்டில் சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 தான், அதாவது குழாயின் உள்விட்டம் சுமார் 0.32 அங்குலம். நாங்கள் ராணுவத்தில் சுட்ட 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம், அதைக் கேட்டுப் பயனில்லை. 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வரைப் பெண்களுக்கென்றே கொண்டுவந்தது: டைட்டானியம் கலவை, 500 கிராம், அன்றைய விலை 1,22,360 ரூபாய். நீங்கள் கேட்பது இந்த மாதிரி ஒன்று என்று நினைக்கிறேன். இங்கேதான் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். எடை குறைந்தால் பெண்களுக்குச் சுலபம் என்பது தூக்கிக்கொண்டு நடப்பதற்குத்தான் சரி, சுடும்போது கதை நேர்மாறு. குண்டு முன்னால் போகிற வேகத்துக்குத் துப்பாக்கி பின்னால் உதைக்கும், துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு கூடுதலாக உதைக்கும். .32 பெரிய உதை இல்லைதான், ஆனாலும் ஒரே தோட்டாவை லேசான ரிவால்வரிலும் கனமான ரிவால்வரிலும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தால் வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

அப்புறம் விசை. ரிவால்வரில் சுத்தியலை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் கொக்கி) பின்னால் இழுத்து வைக்காமல் நேரே விசையை இழுத்தால் நாலரை முதல் ஐந்து கிலோ வரை இழுவை இருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை பண்ணலாம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை ஆள்காட்டி விரல் ஒன்றில் மட்டும் மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். தூக்கினால் போதாது, கை நடுங்காமல் அப்படியே நிற்க வேண்டும். நடுங்கினால் அந்த நடுக்கம் குழாயின் முனைக்கும் போகும், குண்டு சுவருக்குப் போகும். ஒன்று சொல்கிறேன், நம்ம பக்கத்தில் ரப்பர் ஷீட்டுக்கு ரோலர் சுற்றுகிற பெண்ணின் கையை, ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் பிடித்துப் பார்த்தால் வெட்கப்படுவோம். ‘பெண்கள் கை’ என்று பொதுவாக ஒரு கை கிடையாது. விரல் விசையை எட்டுகிறதா, பிடி உள்ளங்கையில் நிறைகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை மஸ்கட்டிலிருந்து முடிவு செய்ய முடியாது.

பெட்டிக்கு வருவோம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும், தோட்டாவை வேறு பூட்டில் வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லை, பின்வாசலில் சத்தம், சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, சின்னவன் அழுகிறான். இந்த நிலையில் அதை எடுத்து, தோட்டா போட்டு, இருட்டில் நிற்பது களவாணியா, பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுக்க) நேரத்தோடே வந்த ஆளா என்று பார்த்து... நம்ம ஊரில் தலையில் லைட் மாட்டிக்கொண்டு மூன்று மணிக்கே தோட்டத்துக்குள் வருகிறவர்கள் எத்தனை பேர்! ராத்திரியில் வீடு உடைத்து வருகிறவனைத் தடுக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்துத்தான் இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 41-ஆம் பிரிவு. அதுவும் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். புகைப்புரையிலிருந்து ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

நான் பென்ஷனில் வந்த புதிதில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கலாம் என்று ஆசைப்பட்டு, லைசென்ஸ் போடுவது பற்றி மனைவியிடம் அரைமணி நேரம் பேசினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டவள், “அந்தப் பின்வாசல் தாழ்ப்பாள மாத்துங்க, அப்புறம் துப்பாக்கி வாங்கலாம்” என்றாள். தாழ்ப்பாளை மாற்ற எனக்கு ஏழு மாதம் ஆனது.

நீங்களும் முதலில் தாழ்ப்பாள், புகைப்புரைக்கு நல்ல பூட்டு, வெளியே ஆள் நடமாட்டம் பட்டால் எரிகிற விளக்கு, குரைக்கிற நாய், இதையெல்லாம் பாருங்கள். மனைவியின் போனில் ‘காவல் உதவி’ செயலியைப் போட்டு, 112-க்கு ஒரு அழுத்தில் போகிற மாதிரி பழக்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று அவர்களே சொன்னால், லீவில் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சிக்குப் போங்கள். சொன்னால் என்று எழுதியதைக் கவனியுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதம் இரண்டு பக்கம், அதில் மனைவி என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டு மெடல் வாங்கியவள் நான். இப்போது என் கணவர் எனக்குச் சின்ன ரிவால்வர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார், ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்துக்கும் போய் வரலாமாம். எனக்கு நீளத் துப்பாக்கிதான் கைக்குச் சரி என்று தோன்றுகிறது. பெண்களுக்கு அது ஒத்துவராது என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. அவர் சிரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். சுடுகருவிகளிலேயே பழகக் கஷ்டமானது கைத்துப்பாக்கிதான். குழாய் குட்டை, குறி பார்க்கிற இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் தூரம் குறைவு, தோளில் சாய்க்க இடமில்லை, மணிக்கட்டு ஒரு நூல் அசைந்தால் பத்து மீட்டரில் ஒரு சாண் தள்ளிப்போகும். நீளத் துப்பாக்கி தோள், கன்னம், இரண்டு கை என்று நாலு இடத்தில் தாங்கி நிற்கும். பன்னிரண்டு போர் (‘போர்’ என்பது குழாயின் அளவு) இரட்டைக்குழல் உதை பெரிது, தோளில் இறுக்கி வைக்கத் தெரியாதவர்களுக்கு நீலம் கட்டிவிடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

ஹேண்ட்பேக் யோசனையை மட்டும் அவர் மறந்துவிடட்டும். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டிய நிமிடம் அது செல்லாது. நமக்கோ ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், சேலை எடுப்பு எல்லாம் அந்தப் பக்கம்தான். மண்டைக்காடு கொடைக்கும் கோட்டார் திருவிழாவுக்கும் இடுப்பில் சொருகிக்கொண்டு போகவும் முடியாது, கூட்டம் கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கவும் சொல்வார்கள்.

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான், மைனி (அவன் மனைவி) அதோடு குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில். அங்கே கடையில் சோப்பு வாங்குவது போல வாங்கலாமாமே, மைனியின் பிறந்தநாளுக்கு ஒரு பிஸ்டல் கொடுக்கப்போகிறேன் என்கிறான். எது நல்லது என்று உங்களிடம் கேட்கச் சொன்னான். (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா)

பதில்: நல்லவேளை கேட்டீர்கள். தம்பிக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி எச்-1பி, எச்-4 மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்பது போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு, அதையும் அங்குள்ள வக்கீலைக் கேட்காமல் தொடக்கூடாது. சுடும் இடத்தில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதுகூட ‘வைத்திருப்பது’ கணக்கில் வந்துவிடும். விசா போய்விடும், கிரீன் கார்டு கனவும் போய்விடும். நியூ ஜெர்சியில் சோப்புக் கதையும் செல்லாது. அங்கே ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் போலீஸ் கொடுக்கிற தனி பர்மிட் வேண்டும்.

கிரீன் கார்டு வந்த பிறகும் ஆசை இருந்தால், அன்றைக்கு மைனியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், தனியாகப் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வர வேண்டாம். பெண்ணுக்கு என்று சொன்னால் கடைக்காரர் குட்டையான, நானூறு கிராம் சொச்சம் எடையுள்ள .38 ரிவால்வரை எடுத்து நீட்டுவது அங்கே வெகுகால வழக்கம், சில சமயம் ரோஸ் நிறப் பிடியோடு. பார்க்க அழகு, சுட்டால் கை எரியும். ஐந்து குண்டு சுட்டுவிட்டு மேசையில் வைத்தவர்கள் அதற்குப் பிறகு அதைத் தொடுவதில்லை, தொடாத துப்பாக்கியால் யாருக்கு என்ன பிரயோசனம்? பிஸ்டல் என்றால் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுக்கத் தெரிய வேண்டும். விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் ஆணுக்கும் வராது. இடது உள்ளங்கையால் மேலே பொத்திப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். அப்படியும் வராதவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் ‘ஷீல்ட் ஈஸி’ என்று, ஸ்லைடு சுலபமாக வருகிற .380 பிஸ்டல் ஒன்று போட்டார்கள். கொஞ்சம் கனமான, நடுத்தர அளவு 9 மி.மீ. பலருக்கு இன்னும் வசதியாக இருக்கும். நாலைந்தை வாடகைக்கு எடுத்து மைனி சுட்டுப் பார்க்கட்டும். எது கையில் நிற்கிறதோ அதை அவர்களே சொல்வார்கள்.

இந்தப் பிறந்தநாளுக்கு இரண்டு கிராம் தங்கம் போதும்.

கேள்வி: அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. பன்னிக்கு என்று வாங்கிய அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அம்மா தனியாக இருப்பதால் அது அங்கேயே இருக்கட்டுமா? (அருமனை)

பதில்: இருக்கக் கூடாது. உரிமக்காரர் போனதோடு உரிமமும் போனது. நாலு மாதம் ஏற்கெனவே தாமதம்தான், நாளைக்கே இறப்புச் சான்றிதழ் நகலோடு ஸ்டேஷனிலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் அம்மா தன் பேரில் உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வைத்து விண்ணப்பிக்கலாம். அம்மாவுக்கு அது வேண்டுமா, அல்லது அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாபகத்துக்கு அவருடைய வெட்டோத்தி (வெட்டரிவாள்) போதும், அதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் வேலை, இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை நடக்க வேண்டும். துப்பாக்கி எல்லாம் வேண்டாம் என்று கணவர் பெப்பர் ஸ்பிரே வாங்கித் தந்திருக்கிறார். அது போதுமா?

பதில்: நல்ல மனிதர். அதற்கு லைசென்ஸ் வேண்டாம், பையின் அடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தேதி முடிந்துவிட்டதா என்று அவ்வப்போது பாருங்கள். ஆனால் உங்கள் ஊர் காற்றாலை ஊர் ஆயிற்றே! ஆனி, ஆடியில் கணவாயிலிருந்து வருகிற காற்று குடையையே பிடுங்கிக்கொண்டு போகும், அந்தக் காற்றை எதிர்த்து அடித்தால் மிளகாய் முழுவதும் உங்கள் கண்ணில்தான். புகை மாதிரி பரவுகிறதை விட்டுவிட்டு, நீர்த்தாரையாகப் பீய்ச்சுகிற வகையாக ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் சாயங்காலம் வெட்டவெளியில் இரண்டு பேரும் நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு தடவை அடித்துப் பாருங்கள். கணவரை முன்னால் நிற்கவிட வேண்டாம்.