மோர் செய்த குற்றம்

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மனைவிக்கு மே முதல் வாரம் தேதி கொடுத்திருந்தார்கள். சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று அம்மா சொன்னதால், விஷுவுக்கு இரண்டு நாள் முன்னாடியே, 37 வாரத்தில், சிசேரியன் செய்தோம். மனைவி மட்டும் ‘வலி வரட்டுமே’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்த ஒரு மணி நேரத்தில் மகனுக்கு வேகமாக மூச்சு இரைத்தது. நுரையீரலில் நீர் என்று மூன்று நாள் ஐசியூவில் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது நாற்பது நாள், நன்றாக இருக்கிறான். நிறைமாதத்தில் மோரும் இளநீரும் குடித்ததால்தான் நீர் கோத்துக்கொண்டது என்கிறார் அம்மா. மனைவி யாரிடமும் பேசுவதில்லை. அந்த மூச்சிரைப்பு மறுபடி வருமா?

பதில்: வராது, தம்பி. அது கருவில் இருந்த காலத்து நீர். வற்றினால் முடிந்தது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. மனைவி மட்டும் ‘வலி வரட்டுமே’ என்றாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மட்டும்’ உங்களை உறுத்தவே இல்லையா?

வயிற்றுக்குள் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். தாய் குடித்த மோர் அங்கே போவதில்லை. நுரையீரலே சுரந்துகொள்ளும் நீர் அது. பிரசவ வலி கண்டதும் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் ஏறும். சுரந்தது போதும், இனி உறிஞ்சு என்று நுரையீரலை மாற்றிவிடுவது அவைதான். வலியே காணாமல், அதுவும் மாதம் நிறையுமுன் எடுத்தால், அந்த வேலை பாதியில் நிற்க வாய்ப்பு அதிகம். அப்போது நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு ஓடும், மூக்கு விடைக்கும், விலா உள்ளே இழுக்கும், பிள்ளை முனகும். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். வலி கண்டு பிறந்த பிள்ளைக்கும் இது வருவதுண்டு, அதனால் நாள் குறித்ததுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உடம்புக்குக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன்னால் செய்யக்கூடாது என்பது மருத்துவத்தில் எல்லோரும் அறிந்த விதி. ஒத்துக்கொண்ட டாக்டர் மேலும் எனக்குக் கோபம்தான். அதை இன்னொரு நாள் பேசுவேன்.

ஆக, அந்த வீட்டில் சரியாகச் சொன்னவள் ஒருத்தி. பழி சுமப்பவளும் அவளே. பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் நிறைமாதக்காரி மோர் குடிக்காமல் வேறு என்ன குடிப்பாள்?

உங்கள் அம்மா நாள்தான் பார்த்தார். சரி என்று தலையாட்டியது நீங்கள். பிள்ளை பிறந்த நேரத்துக்கு ஜாதகம் எழுதுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். ஜாதகத்துக்குத் தோதாகப் பிள்ளையை எடுப்பது எந்த ஊர் சாஸ்திரம்? பெற்றவளை மதிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. அவர் தப்பாகப் பேசும்போது வாய்மூடி நிற்பதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் சௌகரியம், அவ்வளவுதான்.

இன்றைக்கே, அம்மாவும் இருக்கும்போது, கூடத்தில் வைத்துச் சொல்லுங்கள்: “நாள் குறித்தது நாம். சம்மதித்தது நான். இவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.” ராத்திரி அறைக்குள் காதோடு சொல்லும் சமாதானம் போதாது, பழி நடுவீட்டில் விழுந்திருக்கிறது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். மோர்தான் காரணமா என்று அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.

மனைவி பேசாமல் இருப்பதைக் கோபம் என்று விட்டுவிடாதீர்கள். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, பிள்ளையைக் கொஞ்சுகிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு, டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அப்புறம், குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டையும் நிறுத்துங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போதாவது சந்தேகம் வந்தால், பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 60ஐத் தொட்டாலோ (இரண்டு மாதம் கடந்துவிட்டால் 50ஐத் தொட்டாலே), நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு இரண்டு இளநீர் வாங்கிப் போங்கள். அம்மா பார்க்கவே வெட்டிக் கொடுங்கள்.