சுருட்டை முடி பரட்டையாவது ஏன்? உப்புத் தண்ணீரில் என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 24. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே சுருட்டை முடி. வீட்டில் போர் தண்ணீர்தான். தலைக்குக் குளித்த அன்று மாலைக்குள்ளேயே முடி பரட்டையாக நிற்கிறது. எண்ணெய் வைத்தால் தலை பிசுபிசுக்கிறது. வைக்காவிட்டால் சிக்கு விழுகிறது. வாரும்போது சீப்போடு கொத்தாக முடி வருகிறது. தை மாதத்தில் திருமணம். அதற்குள் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்துகொள் என்று அண்ணி வற்புறுத்துகிறார். செய்யலாமா, டாக்டர்?

பதில்: செய்துகொள்ள வேண்டாம். திருமணத்துக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. சுருளை அப்படியே வைத்துக்கொண்டு வறட்சியையும் சிக்கையும் குறைக்க இந்தக் காலம் போதும்.

முடியின் சுருள் ஒரு நோயோ குறையோ அல்ல. மயிர்க்கால் தோலுக்குள் வளைந்து அமைந்திருப்பவர்களுக்கு முடியும் வளைந்தே வளர்கிறது. அதன் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் வேரிலிருந்து நுனிவரை எளிதில் இறங்கிவிடுகிறது. சுருட்டை முடியில் வளைவுக்கு வளைவு தடைபட்டு நின்றுவிடுகிறது. ஆகவேதான் உங்களுக்கு வேர்ப்பகுதி பிசுபிசுப்பாகவும் நுனிப்பகுதி வைக்கோலாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சிகிச்சை செய்தால் ஒன்று சரியாகி மற்றது கெடும். வேருக்கு ஒரு விதமும் நுனிக்கு வேறொரு விதமும் என்று பிரித்துப் பராமரிப்பதே சுருட்டை முடிக்குரிய முறை.

முடியின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் படிந்திருப்பதைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வறட்சியாலும் உராய்வாலும் அவை தூக்கிக்கொள்ளும்போது, காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து, முடியின் உருவத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைத்துவிடுகிறது. ஒவ்வோர் இழையும் தனித்தனியாக உப்பி, பக்கத்து இழைகளோடு சேராமல் தன் போக்கில் நிற்கிறது. பரட்டை என்பது இதுதான். கடற்கரையை ஒட்டிய காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இந்தத் தொல்லை உள்நாட்டு ஊர்களைவிட இங்கே அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் கூடும் என்பதை முன்கூட்டியே மனத்தில் கொள்ளுங்கள். அந்த மாதங்களில் முடி சற்று உப்பினால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். வடசென்னையின் வடக்கே மீஞ்சூர் வரையிலான கடலோர நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியின்மேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகின்றன. சோப்போடு சேரும்போது வெண்மையான கசடாக மாறி, எவ்வளவு அலசினாலும் முழுவதும் போகாமல் ஒட்டிக்கொள்கின்றன. உங்கள் வீட்டுப் பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளை வளையம் படிகிறதா, குளியல் சோப்பு நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அதே கசடு உங்கள் முடியிலும் இருக்கிறது. தலை முழுவதையும் மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீரில், அலசச் சொல்ல எனக்கு மனமில்லை. லாரி வரும் நாளுக்குக் காத்திருந்து குடம் குடமாகப் பிடித்துவைக்கும் வீடுகளில் அது நடக்காத காரியம். வழக்கம்போல் போர் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீரை ஒதுக்குங்கள். பலன் நன்றாகவே தெரியும். இதோடு, உலோகப் படிவை நீக்கும் இடிடிஏ சேர்ந்த ஷாம்புவை மாதத்துக்கு ஒருமுறை பயன்படுத்தலாம். குளியல் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. அது காரத்தன்மை உடையது, செதில்களை மேலும் தூக்கிவிடும்.

வாரத்துக்கு இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். சல்பேட் இல்லாத மென்மையான ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனிகளால் தலைத்தோலில் மட்டும் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் வழிந்து இறங்கும் நுரையே கீழ்ப்பகுதிக்குப் போதுமானது. முடி முழுவதையும் உச்சிக்குத் தூக்கிக் குவித்துக் கசக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். பிறகு கண்டிஷனரைக் காதளவிலிருந்து நுனிவரை தாராளமாகப் பூசி, அது முடியில் இருக்கும்போதே விரல்களாலும் பிறகு பல் அகன்ற சீப்பாலும் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். சுருட்டை முடியை வார வேண்டிய நேரம் இது ஒன்றுதான். உலர்ந்த பின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி வேகமாகச் சீவினால், வளைவுள்ள ஒவ்வோர் இடத்திலும் முடி முறியும். சுருள்களும் பிரிந்து பரட்டையாகும்.

துவட்டும் முறையிலும் கவனம் வேண்டும். சொரசொரப்பான டர்க்கி டவலால் தலையைத் தேய்த்துத் துவட்டி, அதையே முறுக்கிக் கொண்டையாகக் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அதற்குப் பதிலாக, பழைய பருத்திப் பனியன் துணியையோ நைந்த வேட்டித் துண்டையோ உள்ளங்கையில் விரித்து, முடியின் நுனியை அதில் ஏந்தி, மேல்நோக்கி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரம் சொட்டாமல், ஆனால் முழுவதும் உலராமல் இருக்கும் நிலையில் ஆளி விதை ஜெல்லைப் பூசி, அதே போல் கைக்குள் கசக்கிவிட்டு, முழுவதும் உலரும்வரை தொடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி விதையை இரண்டு தம்ளர் தண்ணீரில் வழவழப்பாகும்வரை கொதிக்கவைத்துச் சூட்டோடு வடிகட்டினால் இந்த ஜெல் கிடைக்கும். பிரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். கடையில் வாங்கும் கிரீமில் கிளிசரின் முதல் சில பொருள்களுள் ஒன்றாக இருந்தால் நம் ஊர்க் காற்றுக்கு அது ஒத்துவராது. காற்றின் ஈரத்தை இழுத்து முடியை உப்பச் செய்துவிடும்.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேங்காய் எண்ணெயைக் கனிம எண்ணெயோடும் சூரியகாந்தி எண்ணெயோடும் ஒப்பிட்டு 2003-ல் வெளியான ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று தெரியவந்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே புகக்கூடியது. ஆகவே குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயை நீளப்பகுதியிலும் நுனியிலும் மட்டும் தடவுங்கள். தலைத்தோலில் ஊற்ற வேண்டாம், பொடுகு இருந்தால் நிச்சயமாக வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை எண்ணெயை உண்டுதான் பெருகுகிறது. சீயக்காய் தேய்க்கும் பழக்கம் இருந்தால் தொடரலாம், ஆனால் தூளாக அல்ல. தூள் சுருளுக்குள் சிக்கி உராயும். கொதிக்கவைத்து வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள்.

இப்போது ஸ்மூத்தனிங். இந்தச் சிகிச்சைகளில் சில, முடியின் புரதத்தை இணைக்கும் சல்ஃபர் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து நேராக மறுபடி பிணைக்கின்றன. வேறு சில ஃபார்மால்டிஹைடையோ கிளையாக்ஸிலிக் அமிலத்தையோ பூசி இஸ்திரி போடுகின்றன. ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண் ஒருவருக்கு, ஒவ்வொரு முறை செய்துகொண்ட பிறகும், மொத்தம் மூன்று முறை, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் 2024-ல் வெளியிட்டது. இது அரிதாக நிகழ்வதுதான் என்றாலும், திருமணத்துக்கு முன் இந்த ஆபத்தை ஏன் விலைகொடுத்து வாங்க வேண்டும்? அதோடு, முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். தை மாதத்துக்குப் பின் சில மாதங்களில் வேரில் சுருளும் கீழே நேருமாக இருவகை முடி நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் முறிவு அதிகம். உங்கள் அண்ணி அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். இந்த விவரங்களை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

முகூர்த்தத்துக்கு முடியை நேராக்கியே ஆக வேண்டும் என்று அலங்காரம் செய்பவர் சொன்னால், ஒரே ஒரு நாள் இஸ்திரிக் கருவியால் நேராக்கிக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். முடி முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு சூடு பட்டால் உள்ளே நீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக முடியைச் சிதைத்துவிடும். வெப்பம் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சடை அலங்காரத்தைப் பிரிக்கும்போது ஸ்ப்ரே படிந்த முடியை அப்படியே வாராமல், கண்டிஷனரைப் பூசி ஊறவைத்த பிறகு விரலால் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

முடி கொத்தாக வருவதைப் பற்றி: தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சுருட்டை முடியில் உதிர்ந்தவை சுருளுக்குள்ளேயே தங்கிவிடுவதால், மூன்று நாளுக்கு ஒருமுறை வாரும்போது மூன்று நாள் முடியும் சேர்ந்து வந்து அச்சமூட்டும். வந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் சிறு வெண்புள்ளி இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, இல்லாமல் குட்டை குட்டையாக இருந்தால் இடையில் முறிந்தது, மேலே சொன்ன பராமரிப்பில் குறையும். வகிடு அகன்றுகொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலையில் புண்ணோ செதிலோ இருந்தாலோ, மாதவிலக்கில் மிகுதியான உதிரப்போக்கும் களைப்பும் இருந்தாலோ தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய பரிசோதனைகள் தேவைப்படலாம். மருந்துக்கடையில் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிடுங்கள். அது தைராய்டு பரிசோதனையின் முடிவை மாற்றிக் காட்டக்கூடும்.