கேசட் அறுந்த இடம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எதையோ எழுதும்போது நடுவில் 'வாக் அவே ரெனே' என்ற பாட்டைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு தேடி, அதைப் பாடிய லெஃப்ட் பேங்க் என்ற அமெரிக்க பாப் குழுவின் 1966 முதல் 1969 வரையிலான பதிவுகள் அடங்கிய தொகுப்பைக் கேட்டு முடித்தேன். 1992இல் மெர்க்குரி வெளியிட்டது. முதல் பாதி அபாரம். நான்கு நாள் வேறு எதுவும் ஓடவில்லை. ஆனால் பிற்பாதி எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பியானோ மாதிரியான அந்தப் பழைய ஹார்ப்சிகார்ட் வாத்தியம் குறைந்துபோகிறது, பாடுகிற விதம் மாறுகிறது, இதுவும் அதே குழுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு ஹிட் பாட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? எடுபடாமல் போன பாட்டுகளையும் ஒன்று விடாமல் கேட்பதில் என்ன இருக்கிறது? இன்னொன்று, இதை ஏன் 'பரோக் பாப்' என்கிறார்கள்? நாலு வயலினைச் சேர்த்துவிட்டால் பரோக்கா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. பிற்பாதியில் இருப்பது அதே குழு இல்லை. முதல் பாதியில்கூட அது முழுக் குழு இல்லை என்பதுதான் வேடிக்கை.

நியூயார்க்கில் ஹாரி லுக்கோஃப்ஸ்கி என்று ஒரு வயலின்காரர் இருந்தார். டாஸ்கனினி வழிநடத்திய என்.பி.சி. வானொலியின் சிம்பொனி இசைக்குழுவில் வாசித்தவர். ஜாஸும் வாசிப்பார், ரெக்கார்டிங் வேலைக்கும் அவரைக் கூப்பிட ஆளிருந்தது. மன்ஹாட்டனில் வேர்ல்ட் யுனைடெட் என்ற சின்ன ஸ்டூடியோ அவர் கையில் இருந்தது. மகன் மைக்கேல் அங்கே எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு, ஆளில்லாத நேரத்தில் பியானோவில் உட்கார்ந்துவிடுவான். பிற்பாடு பெயரை மைக்கேல் பிரவுன் என்று சுருக்கிக்கொண்டான். 1965இல் அந்த ஸ்டூடியோவில் வந்து ஒட்டிக்கொண்ட பையன்கள்தான் டாம் ஃபின், ஜார்ஜ் கேமரன், ஸ்டீவ் மார்ட்டின். ஸ்டீவைப் பின்னாளில் ஸ்டீவ் மார்ட்டின் காரோ என்று சொல்வார்கள். பாடகர் அவர்தான்.

ஃபின்னின் காதலி பெயர் ரெனே. அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பதினாறு வயது மைக்கேலுக்கு நண்பனின் காதலி மேல் பிரியம் வந்து, அது பாட்டாகிவிட்டது. ரெக்கார்டிங் அன்று அவள் கண்ட்ரோல் ரூமிலேயே நின்றதால் கை நடுங்கி வாசிக்க முடியவில்லை என்றும், பிறகு வேறொரு நாள் வந்து ஹார்ப்சிகார்டை வாசித்துச் சேர்த்ததாகவும் பிரவுனே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தப் பதிவில் டிரம்ஸ், கிட்டார் வாசித்தவர்கள் சம்பளத்துக்கு வந்த ஸ்டூடியோ கலைஞர்கள். பல கம்பெனிகள் வேண்டாம் என்று கைவிரித்த பிறகு, மெர்க்குரியின் கிளையான ஸ்மாஷ் 1966 ஜூலையில் அதை வெளியிட்டது. பில்போர்ட் பத்திரிகையின் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 5ஆம் இடம்.

கை நடுங்கிய கதையை எல்லோரும் காதல் கதையாகவே சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஹார்ப்சிகார்டில் ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பியானோவில் ஒரு சுத்தி தந்தியை அடிக்கிறது, அதனால் விரலின் கனம் ஒலியில் ஏறும். ஹார்ப்சிகார்டில் ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டிவிட்டு விலகிக்கொள்ளும், அவ்வளவுதான். வாசிப்பவனுடைய உருக்கம் அந்த முள்ளுக்குத் தெரியாது. பிரிவைப் பாடப்போகிற ஒரு பையன் இப்படிப்பட்ட கருவியில் கை வைத்தால், சோகத்தைக் கொண்டுபோய் வேறு எங்காவதுதான் வைத்தாக வேண்டும்.

எங்கே வைத்தான் என்பதில்தான் உங்கள் 'பரோக்' கேள்விக்குப் பதில் இருக்கிறது. மேலே காரோ பாடும்போது கீழே பேஸ், அதாவது அடிஸ்தாயி வாத்தியம், மட்டும் என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் படி இறங்கிக்கொண்டே போகும். ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில், அதாவது பரோக் இசையின் காலத்தில், புலம்பல் பாட்டு என்றாலே இப்படி இறங்கும் பேஸைப் போடுவது வழக்கம். அந்தக் கால ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல்லின் ஆப்பெராவில் டைடோ என்ற ராணி சாவதற்கு முன் பாடும் பாட்டு அதற்குப் பேர்போன உதாரணம். வயலின் சேர்த்தால் பரோக் ஆகிவிடாது. அப்படிப் பார்த்தால் 1965இல் வந்த பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே'யிலும் நாலு தந்தி வாத்தியங்கள் இருக்கின்றன. அவர்களுடைய அதே வருடத்து 'இன் மை லைஃப்' பாட்டில் ஹார்ப்சிகார்ட் என்று பலர் நினைக்கும் ஒலி ஹார்ப்சிகார்டே இல்லை. அவர்களின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் டேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பியானோ வாசித்து, வேகம் கூட்டியபோது கிடைத்த ஒலி அது. பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே லேபிளை ஒட்டிவிட்டன. லெஃப்ட் பேங்கில் அந்தப் பெயருக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆபரணம் மேலே தெரிந்தாலும் அஸ்திவாரமும் பழைய முறைதான்.

அதே பெண்ணை நினைத்து எழுதிய 'ப்ரெட்டி பாலரீனா' 1967 ஆரம்பத்தில் 15ஆம் இடம் வரை போனது. அந்த ஏப்ரலில் மேற்கத்திய செவ்வியல் இசை மேதை லியனார்ட் பெர்ன்ஸ்டைன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாப் இசையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இந்தப் பாட்டைக் குறிப்பிட்டு, இது வழக்கமான மேஜரும் இல்லை மைனரும் இல்லை, லிடியன், மிக்ஸோலிடியன் என்ற இரண்டு பழைய ஸ்வர வரிசைகள் கலந்தது என்று ஆச்சரியப்பட்டார். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் லிடியன் கல்யாணி, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி. கல்யாணியின் பிரதி மத்யமத்தையும் ஹரிகாம்போதியின் கைசிகி நிஷாதத்தையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் 64ஆவது மேளகர்த்தா ராகமான வாசஸ்பதி. அதற்காக நியூயார்க் பையன் வாசஸ்பதி பாடினான் என்று நான் கிளம்பமாட்டேன். ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் இல்லை. ஆனால் 'ஏன் இந்தப் பாட்டு காதில் ஒரு மாதிரி கோணலாக, இனிப்பாக உட்காருகிறது' என்று யாராவது கேட்டால், அந்த மத்யமத்தைக் காட்டுவேன்.

சரி, பிற்பாதிக்கு வருவோம்.

முதல் ஆல்பம் 1967 பிப்ரவரியில் வந்தது. அதற்குள்ளேயே வீட்டில் சண்டை. பிரவுன் மற்ற மூவரையும் விட்டுவிட்டு பெர்ட் சாமர் என்பவரைப் பாடவைத்து, 'ஐவி ஐவி' என்ற பாட்டை லெஃப்ட் பேங்க் பெயரிலேயே வெளியிட்டார். மற்றவர்கள் எதிர்த்தார்கள். இரண்டு லெஃப்ட் பேங்க் இருக்கிறதா என்று வானொலி நிலையங்கள் குழம்பின, பாட்டு அப்படியே அமுங்கிவிட்டது. வருடக் கடைசியில் சமாதானமாகி எல்லோரும் சேர்ந்து 'டிசைரே' பதிந்தார்கள். அது 98ஆம் இடத்தோடு நின்றது. பிரவுன் ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார். 1968 நவம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் பெரும்பாலும் ஃபின், கேமரன், காரோ மூவரின் பொறுப்பு. அதில் பின்குரல் கொடுத்தவர்களில் ஸ்டீவன் டாலரிக்கோ என்ற இளைஞரும் உண்டு. பிற்பாடு ஏரோஸ்மித் என்ற ராக் குழுவில் ஸ்டீவன் டைலர் என்று அவரை உலகமே கேட்டது.

ஆக, நீங்கள் கேட்ட குறுந்தகட்டில் குறைந்தது மூன்று குழுக்கள் இருக்கின்றன. ஒரே அட்டையில் ஒரே பெயரோடு வரிசையாக அடுக்கியதும் ஒரு குழு வளர்ந்து தேய்ந்த மாதிரி தெரிகிறது. தொகுப்பு செய்யும் சின்னப் பொய் இது. இருந்தாலும் இந்தப் பொய்யை நான் விடமாட்டேன். காரணம் சொல்ல என் கேசட் கதையைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டுகளை 60 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினேன். கடைக்காரர் கணக்கில் எங்கோ பிசகிவிட்டார். பி பக்கத்துக் கடைசியில் 'வாக் அவே ரெனே'. நடுவில் புல்லாங்குழல் வரும் அல்லவா, அது முடிந்து காரோ மூச்செடுக்கும் இடத்தில் டேப் தீர்ந்து 'டக்' என்று பட்டன் எழும்பிவிடும். அட்டையில் வேறு ஏதோ குழுவின் பெயர். பல வருடங்கள் அந்தப் பாட்டு எனக்குப் புல்லாங்குழலோடு முடிகிற பாட்டுதான். அப்படி முடிவது எவ்வளவு அழகு என்று நண்பர்களிடம் வியாக்கியானம் வேறு செய்திருக்கிறேன். அப்புறம் பாட்டையே மறந்துபோனேன். நீங்கள் சொல்லும் அதே தொகுப்பு பல வருடங்கள் கழித்து ஒரு நண்பர் வீட்டில் ஓடியபோது புல்லாங்குழல் முடிந்தது, என் கை பழக்கதோஷத்தில் லேசாக எழுந்தது, பாட்டு நிற்கவில்லை. கடைசிச் சரணத்தில் காரோ வருகிறார். சுவரில் இதயத்துக்குள் எழுதிய இரண்டு பெயர்கள் இன்னும் மனதை அலைக்கழிப்பதைப் பற்றிய வரிகள் அங்கேதான் இருந்தன. எனக்குக் கிடைத்திருந்தது பாட்டின் முக்கால்வாசி.

இரண்டு ஹிட்டோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்டபோது எனக்கு அந்தப் பட்டன் சத்தம்தான் கேட்டது.

பிற்பாதியில் பலவீனமான பாட்டுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. இரண்டாவது ஆல்பத்தில் சில இடங்களில் ஆர்க்கெஸ்ட்ரா பாட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் காரோவின் குரலை மட்டும் நூல்பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். முதல் ஆல்பத்தில் அந்தக் குரலில் அலங்காரமே கிடையாது, குரல் உடையப்போகிறதோ என்ற பயத்திலேயே நிற்கும். பிரவுனுக்கு வாய்த்த ஒரே ஹார்ப்சிகார்ட் அல்லாத ஹார்ப்சிகார்ட் அது. 'டிசைரே'யில் வயலின், பித்தளை வாத்தியம் எல்லாம் கூடி நெருக்கும்போது அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்திச் சமாளிக்கிறார். கஷ்டப்படுவது காதில் விழும். 98ஆம் இடத்துப் பாட்டுதான், எனக்கு அவர்கள் செய்ததிலேயே இதுதான் உசத்தி. 'தேர்ஸ் கான்னா பி எ ஸ்டார்ம்' பாட்டுக்கு வரும்போது பிரவுன் இல்லை, முள் தந்தியைச் சுண்டும் அந்தத் துல்லியமும் இல்லை. குரல் இப்போது சாய்ந்துகொள்ள இடமில்லாமல் பாடுகிறது. முன்பாதியைக் கேட்காதவருக்கு இது ஒரு சுமாரான பாட்டு. கேட்டவருக்கு நடுவில் யாரோ எழுந்துபோன நாற்காலி தெரியும். இந்தக் காலி நாற்காலியை எந்த ஹிட் பட்டியலும் காட்டாது, வரிசையாக அடுக்கிய தொகுப்பு காட்டும்.

பிரவுன் அப்புறமும் மான்டாஜ், ஸ்டோரீஸ், பெக்கீஸ் என்று ஒவ்வொரு குழுவோடும் வேலை செய்து பார்த்தார். ஸ்டோரீஸுக்கு 1973இல் ஒரு முதலிடப் பாட்டு கிடைத்தது, அதற்குள் அவர் அதிலிருந்தும் வெளியேறியிருந்தார். 2015இல் காலமானார். கேமரன் 2018இல், காரோவும் ஃபின்னும் 2020இல். முதல் இரண்டு ஆல்பங்களும் 2011இல் தனித்தனியாக மறுபடி வெளிவந்தன. தொகுப்பின் வரிசை உறுத்தினால் அவற்றைக் கேளுங்கள். ஆனால் 'ஐவி ஐவி' அவற்றின் மூல வடிவத்தில் இல்லை, சண்டையைக் கேட்க வேண்டுமென்றால் தொகுப்புக்குத்தான் வர வேண்டும்.

அன்புடன்.

பி.கு.: பெயரில் வரும் 'பேங்க்', பாஸ்புக் கொடுக்கிற பேங்க் இல்லை. பாரிஸில் சேன் ஆற்றின் இடது கரை. ஆங்கிலத்தில் கடைசியில் வேண்டாத ஓர் 'இ' எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். தேடும்போது அதைச் சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் வேறு என்னென்னவோ வந்து நிற்கும்.