கோட் தைக்கக் கொடுப்பதற்கு முன் எதைப் படிக்கலாம்?

சூட், கிளாசிக் உடை பற்றித் தெரிந்துகொள்ள ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால், ஆண்கள் உடை பற்றி எழுதும் அமெரிக்கர் ஆலன் ஃப்ளஸ்ஸரின் ‘டிரெஸ்ஸிங் தி மேன்’, 2002-இல் வந்தது.

என் கல்யாண ரிசப்ஷன் கோட்டை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வரும். துணி நல்ல துணி, விலையும் அப்படியே. ஆனால் தோள் மட்டும் என் தோளைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது, ஆல்பத்தில் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருப்பேன். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், தோளில் கைவைத்தால் கோட்டையே பிரித்துத் தைக்கிற வேலை சார் என்றார் டெய்லர். அவர் சொன்னது சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே படித்திருந்தால் ட்ரையல் பார்த்த அன்றே வாயைத் திறந்திருப்பேன்.

ஃப்ளஸ்ஸர் உங்கள் உடம்பிலிருந்தும் முகத்திலிருந்தும்தான் தொடங்குவார். முடியின் நிறத்துக்கும் முகத்தின் நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அவ்வளவு வித்தியாசம் இருந்தால் போதும், பார்ப்பவர் கண் முகத்துக்கு வரும், டையில் போய் நிற்காது. 1930-களின் அமெரிக்கப் பத்திரிகை ஓவியங்கள் நிறைய உண்டு, சும்மா புரட்டினாலே கண் பழகிவிடும். என்ன, குளிர் ஊர் ஆளுக்காக எழுதியது, ட்வீட் என்கிற தடித்த கம்பளித் துணி பற்றி வரும் இடங்களை நம் ஊர் வெயிலில் படிக்கும்போதே வியர்க்கும்.

டை கட்டுகிற வேலை இல்லை என்றால் ‘டேக் ஐவி’. 1965-இல் ஜப்பானில் வந்தது, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை அப்படியே படம் பிடித்த புத்தகம். படிக்க அதிகம் இல்லை, பார்க்கத்தான்.

அப்புறம், கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? ராபர்ட்டோ கப்ரேராவின் ‘கிளாசிக் டெய்லரிங் டெக்னிக்ஸ்’. தைப்பவர்களுக்கான பாடப்புத்தகம், பாதிக்கு மேல் எனக்கு ஏறவில்லை. ஆனால் முன்பக்கத்துக்கு உள்ளே கேன்வாஸ் என்கிற விறைப்பான துணி அடுக்கைக் கையால் தைத்து வடிவம் கொண்டுவரும் பகுதியைப் படித்த பிறகு, அந்த உள் அடுக்கைப் பசையால் ஒட்டிய கோட் ஏன் அட்டை மாதிரி நிற்கிறது என்று விளங்கியது. கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைசிப் பட்டன் ஓட்டைக்குக் கீழே, வெளித்துணியையும் உள்துணியையும் விரலால் தனித்தனியாகப் பிடித்து இழுங்கள், நடுவே மூன்றாவதாக ஒரு அடுக்கு நழுவினால் கேன்வாஸ். என் ரிசப்ஷன் கோட்டில் எதுவும் நழுவவில்லை.