மச்சினனுக்குக் கையெழுத்து, நண்பரிடம் கைமாற்று: வீட்டுக் கடன் முடிவாகும் வரை இரண்டும் வேண்டாம்

கேள்வி: வட கரோலினாவில் ராலே பக்கம் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். பிடித்தத்துக்கு முன் மாதச் சம்பளம் 9,600 டாலர். மனைவி என்னைச் சார்ந்த எச்-4 விசாவில், வேலைக்குப் போகவில்லை. முதல் வீடாக ஒரு டவுன்ஹோம் வாங்குகிறோம். விலை 4,30,000. பத்து சதவீதம் டவுன் பேமெண்ட் போக 3,87,000 கடன், 30 வருடம், 6.5 சதவீதம். இந்த வட்டி மாறாமல் பிடித்து வைக்கும் 45 நாள் ரேட் லாக்கில் 26 நாள் ஓடிவிட்டது. வீட்டைச் சோதித்துப் பார்த்து, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளத் தரும் டியூ டிலிஜன்ஸ் காலம் முடிய ஒரு வாரம் இருக்கிறது. ஃபைல் இன்னும், கடன் தரலாமா என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டரிடம்தான் இருக்கிறது.

சில நிபந்தனைகளோடு கண்டிஷனல் அப்ரூவல் வந்தது. ஆனால் என் கணக்கில் வந்த 6,000 டாலருக்கு விளக்கம் கேட்கிறார்கள். போன வருடம் ஒரு நண்பருக்குக் கொடுத்த கைமாற்றை அவர் இப்போது திருப்பித் தந்தார். எங்கள் வட்டத்தில் இது சகஜம், ஸ்டேட்மெண்ட் முழுக்க இப்படித்தான் இருக்கும். அந்தப் பணத்தை ஏற்காவிட்டால், பணம் கட்டி வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றும் க்ளோசிங்குக்குக் குறையும். இன்னொரு நண்பர், "5,000 தருகிறேன், கிஃப்ட் லெட்டரும் எழுதித் தருகிறேன், மெதுவாகத் திருப்பிக் கொடு" என்கிறார். இதற்கிடையில் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்திருக்கும் மச்சினன், கார் லோனுக்கு நானும் பொறுப்பேற்றுக் கோ-சைன் பண்ணச் சொல்கிறான். மாதம் 640 டாலர், அவனே கட்டிவிடுவான். "என் தம்பிக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப் போகிறீர்கள்" என்கிறார் மனைவி. எங்கள் ஏஜென்ட், இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்த குறைகளுக்காக விற்பவரிடம் 8,000 டாலர் வாங்கித் தரலாம், அதை முதல் இரண்டு வருட வட்டியைக் குறைக்கும் 2-1 பைடவுனுக்குப் போடுங்கள் என்கிறார். தவணையில் சோபா வேறு பார்த்து வைத்திருக்கிறோம். ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: மச்சினனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வாரமும் வேண்டாம், க்ளோசிங்குக்கு முந்தைய நாளும் வேண்டாம். இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் வீட்டையே கைநழுவ வைக்கக்கூடிய முதல் விஷயம் இதுதான்.

வேலையை மாற்றாதே, கார்டைத் தேய்க்காதே என்பதையெல்லாம் லோன் ஆபீஸர் முதல் நாளே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன். உங்களைப் படுத்துவது கைமாற்றுப் பழக்கம். நண்பருக்குக் கொடுத்த 6,000, இன்னொரு நண்பர் தரப்போகும் 5,000, மச்சினன் கேட்கும் கையெழுத்து எல்லாமே அதில்தான் வருகின்றன. நம்பிக்கையின் பேரில் கை மாறுகிற பணம் உங்கள் வட்டத்துக்குள் ஒழுங்காகத் திரும்பி வரலாம். நீங்கள் யாரையும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் அண்டர்ரைட்டருக்கு அந்த நம்பிக்கையைப் பார்க்க வழியில்லை. அவர் முன்னால் இருப்பது ஸ்டேட்மெண்டும் கிரெடிட் ரிப்போர்ட்டும்தான்.

கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். அசலும் வட்டியும் சேர்ந்து மாதம் 2,446 டாலர். சொத்து வரி 320, இன்சூரன்ஸ் 130, டவுன் பேமெண்ட் இருபது சதவீதம் போடாததால் கட்டும் கடன் காப்பீடு (பி.எம்.ஐ.) 150, குடியிருப்போர் சங்கக் கட்டணம் (எச்.ஓ.ஏ.) 150 என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு மட்டும் 3,196. உங்கள் கார் தவணை, கார்டு மினிமம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரண்டும் சேர்த்து 610 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,806. சம்பளத்தில் இது 39.6 சதவீதம். வசதியான கணக்கு இல்லை, ஆனாலும் பாஸாகும்.

இதில் மச்சினனின் 640-ஐச் சேர்த்தால் 4,446, அதாவது 46.3 சதவீதம். சோபா தவணை ஒரு 180 சேர்ந்தால் 48-ஐத் தாண்டும். லெண்டர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் சாஃப்ட்வேர் 50 சதவீதம் வரைக்கும் அப்ரூவல் கொடுக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது உச்ச வரம்பு. ஸ்கோர், கையிருப்பு, டவுன் பேமெண்ட் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அதுவரை விடுவார்கள். பல லெண்டர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறார்கள். 39-க்குக் கிடைத்த கண்டிஷனல் அப்ரூவல் 46-க்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். ஃபைல் மறுபடி முதலிலிருந்து ஓடும். கையில் 19 நாள்தான் இருக்கிறது.

"அவன்தானே கட்டப் போகிறான்" என்பது வீட்டில் செல்லும், ஃபைலில் செல்லாது. கோ-சைன் செய்த கடனை உங்கள் கணக்கிலிருந்து விலக்க வேண்டுமானால், கடனைக் கட்டுபவரே தன் கணக்கிலிருந்து 12 மாதம் தாமதமில்லாமல் கட்டியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்கிறது ஃபேனி மேயின் விதி. நேற்று வாங்கிய கடனுக்கு அந்த ஆதாரம் எங்கிருந்து வரும்?

சொல்லாமல் செய்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். க்ளோசிங்குக்கு முன் கிரெடிட்டை மறுபடி பார்ப்பது வழக்கம். நீங்கள் நிரப்பிய விண்ணப்பத்திலேயே, இங்கே சொல்லாத வேறு கடனுக்குக் கோ-சைன் செய்திருக்கிறீர்களா, க்ளோசிங்குக்கு முன் புதிதாகக் கடன் வாங்கப் போகிறீர்களா, இந்த வீட்டுக்காக வேறு யாரிடமாவது கடன் வாங்குகிறீர்களா என்று தனித்தனியாகக் கேள்விகள் இருக்கின்றன. எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வி உங்கள் இரண்டாவது நண்பரின் 5,000-க்கு நேராக வந்து நிற்கிறது. கிஃப்ட் லெட்டரில், இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி இருக்கும். அதில்தான் அவரும் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். திருப்பித் தருவதாகப் பேசிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய் ஆவணம். வீட்டுக் கடனுக்காகத் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்காவில் ஃபெடரல் குற்றம். சட்டத்தில் உள்ள உச்சத் தண்டனை 30 வருடச் சிறை, பத்து லட்சம் டாலர் அபராதம். 5,000 டாலருக்காக உங்களை ஜெயிலில் போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் விசாவில் இருக்கும் ஒருவர், கிரீன் கார்டு வரிசையில் நிற்கப் போகிறவர், தன் கையெழுத்தோடு இப்படி ஒரு காகிதத்தை லெண்டரிடம் விட்டு வைக்கவே கூடாது. "எல்லாரும் செய்கிறார்கள்" என்று அந்த நண்பர் சொல்லக்கூடும். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு, சாதாரண நண்பரின் கிஃப்டை உங்கள் வகைக் கடனில் பொதுவாக ஏற்கவும் மாட்டார்கள். கொடுப்பவர் குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்பதே அடிப்படை.

இனி அந்த 6,000. மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வரவு வந்தால், வீடு வாங்கும் கடனில் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். உங்களுக்கு அந்த எல்லை 4,800. அதனால்தான் கேட்கிறார்கள், உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல. போன வருடம் நண்பருக்கு அனுப்பிய மாதத்தின் ஸ்டேட்மெண்டை எடுங்கள். இப்போது திரும்பி வந்த மாதத்தின் ஸ்டேட்மெண்டையும் எடுங்கள். இரண்டிலும் அவர் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு, எதற்கு என்று நாலு வரியில் விளக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவருக்கு என்ன கஷ்டம், நீங்கள் எப்படிப் பழக்கம் என்றெல்லாம் எழுத வேண்டாம். கூடுதலாக எழுதுகிற ஒவ்வொரு வரியும் இன்னொரு கேள்விக்கு இடம் கொடுக்கும். நண்பரும் தொகையை உறுதி செய்து ஒரு சிறு கடிதம் கொடுத்தால் நல்லது.

பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தாலோ, ஊரில் அவர் அப்பா கணக்குக்கு அனுப்பியிருந்தாலோ நிரூபிப்பது கடினம். அப்போது மல்லுக்கட்டாதீர்கள். ஆதாரமில்லாத தொகையைக் கழித்துவிட்டு மீதியை வைத்து ஃபைலை நடத்தச் சொல்லலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கழித்தபின் பணம் போதுமா?

இதையும் தோராயமாகப் பார்ப்போம். டவுன் பேமெண்ட் 43,000. க்ளோசிங் செலவு, வரி, இன்சூரன்ஸ் முன்கட்டணம் எல்லாம் 11,000 என்று வையுங்கள். மொத்தம் 54,000. டியூ டிலிஜன்ஸ் கட்டணமும் எர்னஸ்ட் மணி என்ற முன்பணமும் சேர்த்து 9,000 கட்டியிருந்தால் அது க்ளோசிங்கில் வரவு வரும். இன்னும் வேண்டியது 45,000. குறையும் என்று நீங்கள் எழுதியதை வைத்து, உங்கள் கணக்கில் இப்போது 49,000 இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். 6,000 போனால் 43,000. இரண்டாயிரம் துண்டு விழுகிறது. இந்த இரண்டாயிரத்துக்காகத்தான் பொய்க் கடிதம் வரை போகப் பார்த்தீர்கள்.

ஏஜென்ட் சொல்லும் 8,000 இங்கேதான் உதவும், ஆனால் அவர் சொல்லும் வழியில் அல்ல. 2-1 பைடவுன் என்ற பெயர் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. முதல் வருடம் வட்டி 4.5, இரண்டாம் வருடம் 5.5, மூன்றாம் வருடத்திலிருந்து அதே பழைய 6.5. மாதத் தவணை முதலில் 1,961, பிறகு 2,197, பிறகு 2,446. இரண்டு வருடத்தில் மிச்சம் சுமார் 8,800 டாலர். அந்த 8,800-ஐ யாராவது முன்கூட்டியே கட்டி வைத்தால்தான் இது நடக்கும். விற்பவர் தருவது 8,000. மீதி 800-ஐ ஏற்கெனவே துண்டு விழும் உங்கள் பையிலிருந்து போட வேண்டும்! அதைப் போட்டாலும் அண்டர்ரைட்டர் உங்களை 6.5 சதவீதத்துக்குத்தான் எடை போடுவார், அப்ரூவலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. "இரண்டு வருடத்தில் வட்டி இறங்கும், ரீஃபைனான்ஸ் பண்ணிக்கொள்ளலாம்" என்று கூடவே ஒரு வாக்குறுதியும் வரும். வட்டி எப்போது இறங்கும் என்று தெரிந்தவர் யாரும் இல்லை. அதை நம்பிப் பட்ஜெட் போட வேண்டாம்.

அதே 8,000-ஐ க்ளோசிங் செலவில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகக் கேளுங்கள். செலவு 11,000 இருப்பதால் முழுதும் உபயோகப்படும். வேண்டிய பணம் 45,000-லிருந்து 37,000 ஆகிவிடும். அண்டர்ரைட்டர் 6,000-ஐ ஏற்காவிட்டாலும் உங்கள் 43,000 தாராளமாகப் போதும். ஏற்றுக்கொண்டால் க்ளோசிங் முடிந்தபின் 12,000 கையில் நிற்கும், மூன்று மாதத்துக்கு மேல் வீட்டுத் தவணை. ஒரே வருமானத்தில், விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் மிக அவசியம். கைமாற்று கேட்டு யார் வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இதை ஒப்பந்தத் திருத்தமாக எழுத்தில் வாங்கி, அன்றே லெண்டருக்கும் அனுப்ப வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. அதுவும் டியூ டிலிஜன்ஸ் காலத்துக்குள். வட கரோலினாவில் இந்தத் தேதி மிக முக்கியம். வழக்கமான ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காவிட்டால் பின்வாங்கலாம் என்று தனி விதி கிடையாது. நீங்கள் விலகினால் டியூ டிலிஜன்ஸ் கட்டணம் எப்படியும் திரும்பி வராது. அந்தத் தேதிக்குள் விலகினால் எர்னஸ்ட் மணியாவது வரும், தேதி தாண்டியபின் கடன் மறுக்கப்பட்டால் அதுவும் போய்விடும். ஆகவே இந்த வாரத்துக்குள் அண்டர்ரைட்டர் கேட்டதையெல்லாம் அனுப்பிவிட்டு, "இன்னும் என்ன கண்டிஷன் பாக்கி?" என்று லோன் ஆபீஸரிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய கண்டிஷன் ஏதாவது தொங்கினால், டியூ டிலிஜன்ஸ் காலத்தை நீட்டித்துத் தரும்படி விற்பவரிடம் கேட்கச் சொல்லி ஏஜென்டை நெருக்குங்கள். அவருடைய நேரம் அதற்குச் செலவாகட்டும்.

காத்திருக்கும் நாட்களில் உள்ளே நடப்பது வீட்டை மதிப்பிடும் அப்ரைசல், உரிமையைப் பார்க்கும் டைட்டில் சரிபார்ப்பு, ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து வரி விவரம் வாங்குவது போன்ற வேலைகள். நீங்கள் ராத்திரி லெண்டரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் எதுவும் வேகமாகாது. க்ளோசிங்குக்கு முந்தைய பத்து வேலை நாளுக்குள் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்து நீங்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள், அது வழக்கமான நடைமுறை. இறுதிக் கணக்கைக் காட்டும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர், க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்னால் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வந்ததும் 8,000 கிரெடிட் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லாக் முடியும் போல் தெரிந்தால் நீட்டிக்க என்ன கட்டணம், யார் கட்டுவது என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது. கடனில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கு என்று வைத்தாலே 480 டாலருக்கு மேல் ஆகும். சோபா பிறகு வாங்கலாம், சேமித்த பணத்தில்.

மச்சினனிடம் நீங்களே பேசுங்கள், மனைவி வழியாக வேண்டாம். மனைவிக்கு முதலில் 39.6, 46.3 என்ற இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். கடிதத்தைப் படித்தவரையில், அவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை, தம்பிக்கு மறுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் தெரிகிறது. தம்பியிடம், "வீட்டு லோன் ஓடுகிறது, இப்போது என் பெயரில் எந்தக் கடனும் வரக்கூடாது" என்று சொன்னால் போதும். பிறகு பார்க்கலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். க்ளோசிங் முடிந்த மறுவாரம் அதே காகிதத்தோடு வருவான். அவனுக்கு வேலை இருக்கிறது. கிரெடிட் யூனியன்களில் கிரெடிட் வரலாறு இல்லாதவர்களுக்கும் சின்னக் கார் லோன் தருகிறவை உண்டு, விசாரிக்கச் சொல்லுங்கள். மாதம் 640 என்பது அந்த வயதுக்குப் பெரிய கார். பழைய கார் ஒன்றைத் தன் சம்பளத்துக்குள் வாங்கினால் கோ-சைன் கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு வராது. அதுவரை வேலைக்குப் போய் வர வழியில்லை என்றால், வாரத்தில் இரண்டு நாள் உங்கள் காரைக் கொடுங்கள். அது கிரெடிட் ரிப்போர்ட்டில் வராது. ஆனால் உங்கள் கார் இன்சூரன்ஸில் அவனையும் ஓட்டுநராகச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.