வளவு நோட்டும் நியூ ஜெர்சி வீடும்

"அண்ணாச்சி, நியூ ஜெர்சி வந்து மூன்று வருடம் ஆகிறது, எச்-1பி விசா. கையில் 70,000 டாலர் சேர்த்திருக்கிறேன். நாலு குடித்தனம் உள்ள கட்டடம் வாங்கி வாடகைக்கு விடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெருமாள்புரத்தில் அப்பா வாங்கிப் போட்ட மனையை விற்றுப் பணம் கொண்டுவரலாமா?" என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். திருநெல்வேலி டவுனில் எங்கள் பழைய வளவில், பல குடித்தனங்கள் சேர்ந்த வீட்டில், உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மனையை விற்க வேண்டாம். அப்பாவின் வயதான காலத்துக்கு அது இருக்கட்டும். கையில் இருக்கும் பணத்துக்கே வழி இருக்கிறது.

வாங்கும் வீட்டில் ஒரு போர்ஷனில் நீங்களே குடியிருங்கள். நாலு போர்ஷன் வரை அங்கே சாதாரண வீட்டுக் கடன்தான். ஐந்தோ அதற்கு மேலோ ஆனால் வணிகக் கடன், அது வேறு கணக்கு. வெறும் முதலீடாக இரண்டு முதல் நாலு போர்ஷன் வாங்கினால் 25 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். அதில் குடியேறுகிறவருக்கு 2023 நவம்பரிலிருந்து ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் அமெரிக்க நிறுவனம்) விதிப்படி 5 சதவீதம் போதும். ஆறு லட்சம் டாலர் வீடு என்றால் ஒன்றரை லட்சத்துக்குப் பதில் 30,000. கடன் காப்பீடும் பதிவுச் செலவும் தனி. நண்பர்கள் எஃப்.எச்.ஏ. கடன், அதாவது அரசு காப்பீடு உள்ள வீட்டுக் கடன் என்று சொல்வார்கள், 3.5 சதவீதம் போட்டால் போதும் என்று. 2025 மே மாதத்திலிருந்து கிரீன் கார்டு இல்லாதவர்களுக்கு அது கிடையாது. அந்தப் பேச்சில் நாளைக் கடத்தாதீர்கள்.

நாலு போர்ஷனுக்கு ஆசைப்படாமல் 'டூ ஃபேமிலி', அதாவது இரண்டு போர்ஷன் வீடாகப் பாருங்கள். ஜெர்சி சிட்டி, பேயோன் பக்கம் தெருத் தெருவாக இருக்கிறது.

எங்கள் வளவில் ஆறு குடித்தனம் இருந்தது. ஒரே முற்றம், ஒரே கிணறு. ஆச்சி வைத்திருந்த வாடகை நோட்டை நேற்று பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் வாடகை வரவு. வலது பக்கம் ஓடு மாற்றியது, கிணறு தூர் எடுத்தது, வெள்ளையடித்தது, வீட்டு வரி. அதற்குக் கீழே 'ஓட்டுக்கு' என்று மாதா மாதம் ஒரு சிறு தொகை. ஐப்பசி மழைக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட அந்தப் பணம். பெரியப்பா கல்யாணத்துக்குப் பணம் புரட்டிய மாதத்தில்கூட ஆச்சி அதைத் தொடவில்லை.

நான் அப்படி எடுத்து வைக்காமல்தான் அமெரிக்காவில் முதல் வீட்டை வாங்கினேன். இரண்டாவது வருடம் ஜனவரியில் இரவு பதினொரு மணிக்கு வீட்டைச் சூடேற்றும் பாய்லர் நின்றுபோனது. மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். எங்கள் அறையில் இருந்த இரண்டு மின் ஹீட்டரையும் மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் பிள்ளைகளும் கோட்டோடு படுத்தோம். புது பாய்லருக்கு 9,000 டாலர், முழுவதும் கிரெடிட் கார்டில். அந்தக் கடனை அடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆகவே உங்கள் 70,000த்தையும் வீட்டில் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத் தவணையும் ஒரு பாய்லர் விலையும் தனிக் கணக்கில் இருக்கட்டும். கடன் கொடுப்பவரே வாடகையில் 75 சதவீதத்தைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்கிறார். நீங்கள் அதைவிடக் குறைத்துப் போடுங்கள்.

வீடு பார்க்கும்போது சமையலறை மினுக்கலில் மயங்காமல் நேராக தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். சுவரில் ஈரம் ஏறிய கோடு, பாய்லரின் வயது, மின் மீட்டர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனித்தனியா என்பதெல்லாம் அங்கே தெரியும். பழைய வீடுகளில் சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். அது ஒழுகி மண் கெட்டிருந்தால் சுத்தம் செய்யும் செலவு வாங்கியவர் தலையில் விழும். சில நூறு டாலர் கொடுத்துத் தொட்டி இருக்கிறதா என்று தேடச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1978க்கு முன் கட்டியதென்றால் ஈயம் கலந்த நச்சுப் பெயின்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொத்து வரி அந்த மாநிலத்தில் மிக அதிகம். ரசீதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், குடித்தனக்காரர் விஷயம். நம்மூர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் நடக்காது. நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, அதையும் வட்டி வரும் வங்கிக் கணக்கில் போட வேண்டும். சரியான காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது, 1974லிருந்தே சட்டம் இருக்கிறது. நீங்கள் அதே வீட்டில் இருந்து, வாடகைப் போர்ஷன் இரண்டுக்குள் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. 'நம்ம ஆட்களுக்கு மட்டும்' என்று விளம்பரம் போட்டுவிடாதீர்கள், அது சட்டவிரோதம். அப்படி ஒதுக்கப்பட்டால் நமக்கே எப்படி வலிக்கும்!

எனக்கு உண்மையாகவே கவலை தருவது உங்கள் விசாதான். வேலை போனால் 60 நாள்தான் அவகாசம், அதற்குள் வீடு விற்காது. நீங்கள் ஊர் திரும்பிய பிறகு விற்றால், வெளிநாட்டவர் என்று விலையில் 15 சதவீதத்தை வரிக்காகப் பிடித்து வைப்பார்கள். கணக்குக் காட்டித்தான் மீதியைத் திரும்ப வாங்க வேண்டும். நம்பிக்கையான ஒருவருக்கு இப்போதே பவர் எழுதிக் கொடுத்து வையுங்கள். வாடகை வாங்குவதில் தடையில்லை. ஆனால் அதையே தொழில் மாதிரி நடத்தலாமா என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

நான் அடுத்த மாதம் திரும்புகிறேன். அதற்குள் பிடித்த வீடு அமைந்தால் வரி ரசீதையும் இப்போது குடியிருப்பவர்களின் ஒப்பந்த நகலையும் அனுப்புங்கள். ஒரு சனிக்கிழமை டார்ச் லைட் எடுத்துக்கொண்டு வருகிறேன், பேஸ்மென்ட்டைச் சேர்ந்தே பார்ப்போம்.