பாம்பன் புதிய ரயில் பாலம் உப்புக் காற்றில் துருப்பிடிக்காதா?

பிடிக்கத்தான் பார்க்கும், அதைத் தள்ளிப்போடுவதுதான் பொறியியல். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதிலுள்ள குளோரைடு துருவை வேகமாக வளர்க்கும். ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எந்த வீட்டு ஜன்னலையும் பாருங்கள்: இரண்டு கம்பிகள் சேரும் இடுக்கில்தான் பெயின்ட் முதலில் பொருக்கு விட்டுப் பழுப்பு நீர் வழியும். அதனால்தான் 2025 ஏப்ரலில் திறந்த இந்தப் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள். உப்புநீர் தங்க இடுக்கு குறைகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, எஃகின் மேல் பாலிசிலோக்சேன் என்ற, துருவைத் தடுக்கும் பூச்சு.

என் கவலையெல்லாம் கப்பல்களுக்கு வழிவிட 17 மீட்டர் உயரும், 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியைப் பற்றித்தான். அசையும் பாகங்களில் உரசல் உண்டு, உரசும் இடத்தில் பூச்சு நிற்காது. அங்கே பராமரிப்பு ஒருபோதும் தவறக் கூடாது.